செங்கல் போர்த்திய வீடு

மெல்பர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் என் மகளும் மாப்பிள்ளையும் கட்டிக்கொண்டிருந்த வீட்டை முதல்முதலாகப் பார்க்கப் போன அன்று, அங்கே நான் கண்ட காட்சி என்னுடைய இத்தனை வருஷ அனுபவத்துக்கு நேர் விரோதமாக இருந்தது. கூரை இருந்தது, அதன்மேல் ஓடு வேய்ந்து, மழைத் தண்ணீரை வாங்கி இறக்கும் தகரக் குழாய்கூட மாட்டியாகிவிட்டது, ஜன்னல்கள் கண்ணாடியோடு தத்தம் இடங்களில் நின்றன, சுவர் மாத்திரம் இல்லை. வெளிர்மஞ்சள் நிறப் பைன் மரச் சட்டங்கள் விலா எலும்புகளைப் போல வரிசையாக நிற்க, அவற்றின்மேல் ஒரு மெல்லிய உறை, பொம்மைக்குச் சேலை சுற்றினாற்போலச் சுற்றப்பட்டிருந்தது. செங்கற்களோ கட்டுக்கட்டாக, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கப்பட்டு, வீட்டைச் சுற்றிலும் தரையில் உட்கார்ந்திருந்தன. கடைக்கால் வெட்டி, சுவர் எழுப்பி, நிலை நிறுத்தி, லிண்டல் மட்டத்துக்கு வந்த பிறகே கூரையைப் பற்றி நினைக்கத் தொடங்குகிற ஒரு தேசத்திலிருந்து போனவனுக்கு, இது மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்துவிட்டுப் பெண் தேடப் புறப்பட்ட கதையாகப் பட்டது.

"இனிமேல்தான் மாமா, சுவர் வரும்" என்றார் மாப்பிள்ளை.

"அப்படியானால் கூரை இப்போது எதன்மேல் நிற்கிறது?"

"மரத்தின்மேல்தான். சுவர் வந்த பிறகும் மரத்தின்மேல்தான் நிற்கும். நாளைக்கே இந்தச் செங்கல்லை எல்லாம் தட்டி எடுத்துவிட்டாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது."

"பின்னே செங்கல் எதற்கு?"

"மழைக்கும், பார்க்கிறவர் கண்ணுக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பதில் எனக்கு அன்றைக்குத் திருப்தியளிக்கவில்லை. அடுத்த மூன்று வார காலம், வேறு ஜோலியில்லாத கிழவன் என்ற சௌகரியத்தினால், தினந்தோறும் அந்த மனைக்குப் போய் ஒரு ஓரமாக நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சொன்ன இரண்டு காரணங்களில் எது உண்மையானது, எது உபசாரத்துக்குச் சொன்னது என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

இந்த மாதிரிச் சுவருக்கு அந்த நாட்டில் பிரிக் வெனீர் என்று பெயர். பலகைமேல் மெல்லிய தேக்குத் தகட்டை ஒட்டி முழுத் தேக்கென்று காட்டுகிற தச்சு வேலைக்கும் வெனீர் என்றுதான் பெயராதலால், சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே ஏதோ கள்ளத்தனம் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. நம் ஊர்க் கொத்தனாரைக் கேட்டால், இது ஒரு அரைக்கல் சுவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதுதான் சரியான வர்ணனை. கல்லின் அளவுகூட ஏறக்குறைய நம்முடையதே: 230 மில்லிமீட்டர் நீளம், 110 அகலம், 76 உயரம். அதன் அகலமே சுவரின் கனம். அந்தச் சுவருக்குப் பின்னால் சுமார் 40 மில்லிமீட்டர் வெற்றிடம். அதற்கப்பால் உறை சுற்றிய 90 மில்லிமீட்டர் மரச்சட்டம். சட்டத்தின் நடுவில் வெப்பம் தடுக்கும் பஞ்சு. உள்ளே, நாம் அறையில் உட்கார்ந்து பார்க்கும் பக்கத்தில், 10 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை. எல்லாவற்றையும் கூட்டினால் 250 வருகிறது. இரு புறமும் பூசின நமது ஒன்பது அங்குலச் சுவரின் கனமும் கிட்டத்தட்ட அதேதான் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விரலை மடக்கித் தட்டினால் உட்புறம்தான் காட்டிக்கொடுக்கும்.

பாரத்தைச் சுமக்கும் சுவர் என்பது பழைய காலத்தில் எவ்வளவு பெரிய சமாசாரமாக இருந்தது என்பதற்குச் சிகாகோ நகரத்து மொனாட்நாக் கட்டடத்தைச் சொல்வார்கள். 1891-இல் முடிந்த அதன் வடபாதி, பதினாறு மாடிகளையும் செங்கற் சுவரின் பலத்திலேயே தாங்கி நிற்பது. அதற்காக அடித்தளத்தில் சுவரின் கனம் ஆறு அடிக்கு வந்துவிட்டது. எலும்பும் தோலும் ஒன்றாயிருக்கும் நத்தையோட்டைப் போன்றது அந்தச் சுவர். பிரிக் வெனீரோ, எலும்பை உள்ளே வைத்துத் தோலை வெளியே போர்த்தின மிருகசாதியைச் சேர்ந்தது. தன் பாரத்தைத் தவிர வேறொரு பாரமும் அதற்கில்லை; அந்தத் தன் பாரத்தையும் மரத்தின்மேல் சாய்க்காமல், கான்கிரீட் தளத்தின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு படி இறக்கிவிட்ட விளிம்பின்மேல் தானே நின்று சுமந்துகொள்கிறது. அந்தப் படி உள்தரையைவிடத் தாழ்ந்திருப்பதும் காரணத்தோடுதான்: சுவருக்குள் புகுந்த தண்ணீர் கீழே இறங்கினால் வீட்டுக்குள் திரும்ப வழியிருக்கக் கூடாது.

இப்படி ஒரு போர்வையை மனிதன் எப்போது கண்டுபிடித்தான் என்று விசாரித்தால், ஆசை மிகப் பழையது என்பது தெரிகிறது. ரோமாபுரியில் பாந்தியன் கோயிலின் வட்டச் சுவர் உள்ளே கான்கிரீட்டும் வெளியே செங்கல்லுமாக எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மரவீட்டில் இருந்துகொண்டு செங்கல் வீட்டுக்காரன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டவர்கள், செங்கல்லின் முகம்போலவே வார்த்த ஒருவகை ஓட்டை மரச்சட்டத்தின்மேல் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். கணித ஓடு என்று அதற்கு ஒரு விநோதமான பெயர். லூயிஸ், பிரைட்டன் ஆகிய ஊர்களில் இன்றும் அவ்வீடுகள் உண்டு. பிரைட்டனில் கறுப்புப் பளபளப்போடு ஒரு தெருவே இருக்கிறது. 1784-இல் விதித்து 1850-இல் நீக்கப்பட்ட செங்கல் வரிக்குத் தப்பவே இந்தத் தந்திரம் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை ருசியானதுதான், ஆனால் ஓட்டுக்கும் அதே வருஷம் வரி வந்துவிட்டது, வரிக்கு முந்தின ஓடுகளும் இருக்கின்றன, ஆகையால் அந்தஸ்து மோகத்தின்மேல் போடவேண்டிய பழியை அரசாங்கத்தின்மேல் போட்ட கதையாகவே அதைக் கொள்ளவேண்டும்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாகாணத்து ஸ்வான் ஹில் அருகே டின்டின்டையர் என்ற பழைய பண்ணைவீடு ஒன்று உண்டு. மரக்கட்டைகளால் கட்டி, பிறகு செங்கல் போர்த்தின அதுவே தேசத்தின் முதல் பிரிக் வெனீர் வீடு என்று அப்பகுதியார் பெருமை பேசுவார்கள். ஆயினும் இம்முறை பல்கிப் பெருகினது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர்தான். வீடு வேண்டும் என்போர் கூட்டம் ஒருபுறம், செங்கல்லும் ஆளும் கிடைக்காத பஞ்சம் ஒருபுறம். இரண்டு சுவர் செங்கல்லுக்குப் பதிலாக ஒரு சுவர் செங்கல் போதும் என்கிறபோது, மெல்பர்ன்காரர்கள் யோசிக்கவில்லை. பெர்த் நகரத்தில் மாத்திரம் இன்றும் இரட்டைச் செங்கற் சுவரே பெருவழக்கு. அவ்வூர்க்காரர் மெல்பர்ன் வீட்டைக் காகித வீடு என்பதுபோலப் பேசுவார்கள். மெல்பர்னிலேயே பிறந்த ராபின் பாய்ட் என்ற கட்டடக் கலைஞர் 1960-இல் எழுதிய 'ஆஸ்திரேலியன் அக்லினஸ்' என்ற நூலில், மேற்பரப்பு அலங்காரத்தில் மயங்கும் தம் ஜனங்களின் ருசியைச் சாட்டையெடுத்து விளாசினார். ஜனங்கள் நூலை வாங்கிப் படித்துவிட்டு, தொடர்ந்து பிரிக் வெனீர் வீடே கட்டினார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

கொத்தனார் அறுபது வயதை நெருங்கிய ஒல்லியான மனிதர். அவருக்குக் கலவை போட்டுக்கொடுக்க ஒரு பையன், கல் எடுத்துக்கொடுக்க ஒரு பையன். அவர் முதலில் செய்த காரியம் கல் வைப்பது அல்ல. நாலைந்து கட்டுகளையும் ஒரே சமயத்தில் பிரித்துக் கலந்தது. ஒரு கட்டு சற்றுக் கறுத்தும் ஒரு கட்டு சற்று வெளுத்தும் இருக்கும். ஒன்றை முடித்து மற்றதற்குப் போனால், சுவரில் திட்டுத்திட்டாகத் தேமல் படர்ந்ததுபோல ஆகிவிடும் என்றார். பிறகு மூலைகளில் செங்குத்தான இரும்புக் கம்பங்களை நிறுத்தி, அவற்றில் வரிக்கு வரி குறித்திருந்த அடையாளத்தில் நூலை இழுத்துக் கட்டினார். ஏழு வரிக்கு 600 மில்லிமீட்டர்; மூட்டுக்கு 10. ஜன்னலின் அடியில் எந்த வரி முடியும், தலைக்குமேல் எந்த வரி தொடங்கும் என்பதெல்லாம் முதல் கல்லை வைக்குமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. கலவை, சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. சுண்ணாம்பைக் கண்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம்மவர்கள் சிமெண்டின் மோகத்தில் சுண்ணாம்பைத் துரத்தியடித்து எத்தனையோ வருஷமாகிறது. அங்கே இன்னும் அது இளக்கத்துக்காகவும், சிறு வெடிப்புகளைத் தாங்கிக்கொள்ளும் குணத்துக்காகவும் கலவையில் உயிரோடிருக்கிறது.

முதல் வரிகளில் ஒன்றின்மேல் அவர் ஒரு கறுப்புத் தகட்டை விரித்தார். மரச்சட்டத்தின்மேல் கொஞ்சம் உயரத்தில் தொடங்கி, வெற்றிடத்தைக் குறுக்கே சரிவாகக் கடந்து, செங்கல்லின் வெளிமுகம்வரை வருவது அது. அதற்குமேல் வந்த வரியில், ஐந்தாவது கல்லுக்கும் ஆறாவது கல்லுக்கும் நடுவேயுள்ள நெடுமூட்டில் கலவை வைக்காமல் சும்மா விட்டுவிட்டார். மறுபடி ஐந்து கல். மறுபடி ஒரு காலி மூட்டு. மறந்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். ஐந்து கல்லுக்கு ஒன்றாக மறதி வராதாகையால், கிட்டே போய்க் கேட்டேன்.

"மழை வெளியே போகும் வாசல்" என்றார்.

மழை வெளியே போக வேண்டுமானால் முதலில் உள்ளே வந்திருக்க வேண்டுமல்லவா? ஆம், வருகிறது என்பதுதான் இந்தச் சுவரின் சூட்சுமம். செங்கற் சுவர் மழையைத் தடுக்கும் என்று நாம் நம்புகிறோம். அது பாதி உண்மை. கல்லின் வழியாக ஈரம் ஊறுவது ஒருபுறமிருக்க, கல்லுக்கும் கலவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை இடுக்குகள் ஆயிரம் இருக்கின்றன. காற்று மழையை அடித்துத் தள்ளும்போது அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து, சுவரின் பின்முகத்தில் வழியத் தொடங்கும். ஒன்பது அங்குலச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து, மழை ஓய்ந்து வெயில் காயும்போது திருப்பிக் கொடுத்துவிடும். மழை ஓயாவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் நம் வீட்டு உட்சுவர்களில் ஓதம் பூத்து வெள்ளை உதிருமே, அப்படி ஆகும். அரைக்கல் சுவருக்கு அவ்வளவு ஈரத்தை வைத்துக்கொள்ளச் சக்தியில்லை. ஆகவே இம்முறையை ஏற்படுத்தினவர்கள் தண்ணீரோடு சண்டைக்கு நிற்கவில்லை. நீ வா, ஆனால் இந்த வெற்றிடத்தைத் தாண்டாதே, பின்முகத்தில் வழிந்து இறங்கு, தகட்டின்மேல் விழு, துவாரத்தின் வழியே போய்விடு என்று அதற்கு ஒரு பாதையை வகுத்துவிட்டார்கள். அதே துவாரங்களின் வழியாகக் காற்றும் உள்ளே புகுந்து ஈரத்தைக் காயவைக்கிறது. சுவரிலே விலையுயர்ந்த பகுதி எதுவென்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு பைசாக்கூடச் செலவில்லாத அந்த 40 மில்லிமீட்டர் சூனியத்தைத்தான் காட்டுவேன்.

அந்தச் சூனியத்தைக் காப்பாற்றுவதுதான் கொத்தனாருடைய சாமர்த்தியம். கல்லை வைத்து அழுத்தும்போது கலவை இரண்டு பக்கமும் பிதுங்கும். முன்பக்கம் பிதுங்கினதைக் கரணையால் வழித்து அடுத்த கல்லின் தலையில் பூசிவிடலாம், எல்லோரும் செய்வதுதான். பின்பக்கம் பிதுங்கினதை யார் பார்க்கப்போகிறார்கள்? அது வெற்றிடத்துக்குள் விழுந்து, அடியில் குவிந்து, அந்தத் துவாரங்களை உட்புறமிருந்தே அடைத்துவிடும். என்னுடைய கொத்தனார் (மூன்று வாரத்தில் அவர் என்னுடையவராகிவிட்டார்) கலவையைப் பின்விளிம்புவரை பரப்பாமல் சற்று உள்வாங்கிப் பரப்பினார். அப்படியும் பிதுங்கினதைக் கரணையின் நுனியை உள்ளே விட்டு ஒரே சுழற்றில் வழித்து எடுத்தார். நாள் முடிவில் பையனை விட்டுத் துவாரங்களில் தண்ணீர் பீய்ச்சச் சொல்லி, அடுத்த பக்கம் தெளிவாக வழிகிறதா என்று குனிந்து பார்த்தார். எந்தக் கண்ணும் காணப்போகாத இடத்தில் அவர் காட்டின அந்தச் சிரத்தைக்கு என்ன கூலி கொடுத்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றிற்று.

வெற்றிடம் இருக்கிறதென்றால், அரைக்கல் சுவர் ஒற்றையாக நின்று காற்றில் சாய்ந்துவிடாதா என்ற சந்தேகம் எவருக்கும் வரும். அதற்காகத்தான் கட்டுக்கம்பிகள். மரச்சட்டத்தில் ஒரு நுனியை அறைந்து, மறு நுனியைக் கலவை மூட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள்; குறுக்கிலும் நெடுக்கிலும் 600 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் ஒவ்வொன்று, ஜன்னல் ஓரங்களில் இன்னும் நெருக்கமாக. கம்பி செங்கல் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மரத்தின் பக்கம் தாழ்ந்திருந்தால், சுவரில் கசிந்த தண்ணீர் கம்பியையே பாலமாகக்கொண்டு நடந்துபோய் மரத்தில் ஏறிவிடும். அதற்கும் மேலே ஒரு ஜாக்கிரதையாக, கம்பியின் நடுவில் ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். நடந்துவரும் துளி அந்த இடத்தில் கால் தடுக்கிக் கீழே விழ வேண்டும். கம்பியின்மேல் ஒரு கட்டிக் கலவை விழுந்து காய்ந்துவிட்டால் இந்த ஏற்பாடு அத்தனையும் வீண்.

இந்த அற்பக் கம்பிகளின் மகிமை எல்லாம் அவை இல்லாதபோதுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. 1989-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி, நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்து நியூகாசில் நகரம் 5.6 அளவுள்ள ஒரு பூகம்பத்தில் குலுங்கிற்று. 13 பேர் இறந்தார்கள். பெயர்ந்து விழுந்த செங்கற் சுவர்களைப் பின்னர் பரிசோதித்த பொறியாளர்கள் பல இடங்களில் ஒரே சங்கதியைக் கண்டார்கள்: கடற்காற்றின் உப்பினால் கட்டுக்கம்பிகள் துருவேறி, இருந்த இடத்தில் கறை மாத்திரம் மிச்சமாயிருந்தது. வருஷக்கணக்காக அச்சுவர்கள் எதன் பிடிப்புமின்றி, பழக்கத்தினால் நின்றன என்றே சொல்ல வேண்டும். இப்பொழுது கடற்கரையை அடுத்த வீடுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போடுகிறார்கள். 2011-ஆம் வருஷம் பிப்ரவரி 22-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தைப் புரட்டிய பூகம்பத்திலோ, எத்தனையோ வீடுகளில் செங்கற் போர்வை உதிர்ந்து தோட்டத்தில் கிடக்க, மரச்சட்டமும் கூரையும் அப்படியே நின்றதைக் காண முடிந்தது. மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னதை அங்கே இயற்கை செய்துகாட்டிவிட்டது. ஆனால் விழுகிற செங்கல்லுக்கு அடியில் யார் நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு நாள் நான் பார்த்தது, நீண்ட சுவரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை விடப்பட்ட ஒரு நேர்க்கோட்டு இடைவெளி. 10 மில்லிமீட்டர் அகலமிருக்கும்; கலவைக்குப் பதிலாக ரப்பர்போன்ற ஒரு பசையை அதில் நிரப்பினார்கள். ஏறக்குறைய ஆறு மீட்டருக்கு ஒன்று இப்படி வேண்டுமாம். மெல்பர்னின் மேற்குப் பகுதி கரிசல் போன்ற களிமண் பூமி. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, தன்மேலிருக்கும் வீட்டை மூச்சுவிடுகிற மார்பைப்போல ஏற்றியிறக்கும். சுவர் ஒரே பாளமாக இருந்தால் வெடித்துத்தான் தீரும். அது போதாதென்று, சூளையிலிருந்து எலும்பாகக் காய்ந்து வெளிவந்த செங்கல், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்குடித்து வருஷக்கணக்கில் இம்மியிம்மியாக வளர்கிறது, திரும்பச் சுருங்குவதில்லை. பக்கத்திலே நிற்கும் மரமோ உலர உலரச் சுருங்குகிறது. ஒன்று வளர, ஒன்று தேய, இரண்டும் ஒரே ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தால் கதி என்ன? அதனால்தான் ஜன்னல் அடிச்சட்டத்துக்கும் அதன்கீழ் வைக்கும் செங்கல்லுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் சந்து விடுகிறார்கள். தெரியாத கொத்தனார் அந்தச் சந்தை அழகாகக் கலவையால் அடைத்துவிடுவான்; இரண்டு வருஷத்தில் ஜன்னல் மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீர் உள்பக்கமாகச் சரியும்.

அடைப்பது என்று சொன்னதும் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். புதுவீடு முடியும்வரை மகள் குடியிருந்தது ஒரு வாடகை வீடு. அங்கே படுக்கையறையில் நுழைந்தாலே ஒரு பூஞ்சை வாடை. தரையோரப் பலகை ஈரத்தில் உப்பி, ஜிப்சம் பலகையின் அடியில் கறுப்புப் புள்ளிகள். வீட்டுக்காரர் இரண்டு தடவை பெயிண்டு அடித்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் புள்ளிகள் திரும்பி வந்தன. புதுமனையில் பெற்ற ஞானத்தோடு நான் ஒரு நாள் வெளிச்சுவரைச் சுற்றிக் குனிந்துகொண்டே போனேன். முன்பு குடியிருந்த யாரோ புண்ணியவான், எலியும் சிலந்தியும் வருமென்று பயந்து, அந்தத் துவாரங்கள் ஒவ்வொன்றையும் சிலிக்கான் பசையால் வெகு நேர்த்தியாக மூடிவைத்திருந்தார். எலிக்குப் பயப்படுவது நியாயமே. அதற்கென்று மெல்லிய உலோக வலை கிடைக்கிறது. காட்டுத்தீ வரும் பிரதேசங்களில் தீப்பொறி நுழையாமல் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலை போட்டே ஆகவேண்டும் என்று விதியும் உண்டு. வலை தண்ணீரை விடும், பசை விடாது.

சுவர் முழுவதும் எழும்பின பிறகு சாரத்தைப் பிரித்துவிட்டுக் கழுவினார்கள். ஒட்டிக்கொண்ட கலவையை நீர்த்த அமிலத்தால் போக்குவது வழக்கம். அதிலும் ஒரு சங்கடம்: வெளிர்நிறச் செங்கல்லில் சில சமயம் வெனேடியம் என்ற உலோகத்தின் உப்பினால் பச்சைக் கறை பூக்கும்; அதைப் போக்க அதே அமிலத்தை ஊற்றினால் கறை பழுப்பாகி நிரந்தரமாகிவிடும். வெள்ளை வெளேரென்று பூக்கும் சாதாரண உப்போ, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினாலே போய்விடும்.

இவ்வளவு புகழ்ந்தவன் இதன் ஒரு பெருங்குறையையும் மறைக்கக் கூடாது. செங்கல்லின் விசேஷ குணம், வெப்பத்தைச் சேமித்து வைத்து மெதுவாகக் கொடுப்பது. குளிர்காலத்தில் அந்தச் சேமிப்பு நமக்கு வீட்டுக்குள்ளேதான் வேண்டும். பிரிக் வெனீரிலோ செங்கல் பஞ்சுக்கு வெளியே நின்றுகொண்டு, பகலில் வாங்கின வெப்பத்தை இரவில் ஆகாசத்துக்குத் தானம் செய்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் மரச்சட்டத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவில், அதாவது ஒரு கூடாரத்தில் குடியிருப்பவர்கள்போலத்தான். இதைத் திருப்பிப்போட்டு, செங்கல்லை உள்ளேயும் சட்டத்தையும் பஞ்சையும் வெளியேயும் வைத்துக் கட்டுவதே சரி என்று சிலர் கட்டியும் வருகிறார்கள். வீடு சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் செங்கல் தெருவுக்குத் தெரியவில்லையே! கண்ணுக்கு என்று மாப்பிள்ளை சொன்ன காரணத்தின் பலம் இங்கேதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று.

அப்படியானால் இது பொய்தானா? காந்தியடிகள் மூலமாக நம் நாட்டில் பெயர் தெரிந்த ஜான் ரஸ்கின், 1849-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஒரு பொருளை வேறு பொருளாகக் காட்டுகிற கட்டடப் பொய்களைப் பாவங்களில் சேர்த்துப் பேசியவர். ஆனால் அவரே சில வருஷங்கள் கழித்து வெனிஸ் நகரத்து செயின்ட் மார்க் ஆலயத்தைப் பற்றி எழுதும்போது, செங்கல்லின்மேல் சலவைக்கல் போர்த்தின அக்கட்டடத்துக்கு வக்கீலாக நின்றார். போர்வை தன்னைப் போர்வை என்று ஒப்புக்கொள்கிறது, பாரம் சுமப்பதாக நடிக்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், ஐந்து கல்லுக்கு ஒரு துவாரமும், உச்சிமுதல் அடிவரை ஒரு ரப்பர்க் கோடும் வெளிப்படையாகக் காட்டிக்கொண்டு நிற்கும் சுவர், தன் குலத்தை மறைக்கவில்லை என்றே நான் தீர்ப்புச் சொல்வேன். பார்க்கத் தெரியாதது நம்முடைய குற்றம்.

நம் ஊர்களில் இப்போது பூச்சுச் சுவரின்மேல் செங்கல் முகமுள்ள மெல்லிய ஓடுகளைப் பசைவைத்து ஒட்டும் மோகம் பரவியிருக்கிறது. கடைக்காரர்கள் கிளாடிங் டைல்ஸ் என்பார்கள். அதையும் இதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அதில் வெற்றிடமில்லை, தகடில்லை, வாசலில்லை. பின்னால் புகுந்த தண்ணீர் பசையைத்தான் பெயர்க்கும். உப்பேறின பழைய பூச்சின்மேல் ஒட்டினால், ஓட்டோடு பூச்சும் சேர்ந்து பாளமாக விழும். நல்ல செங்கல்லாகக் கிடைத்தால் பூசாமலே விடலாம் என்று கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் எத்தனையோ வீடுகள் கட்டிக் காட்டினார். கல்லை நிமிர்த்திவைத்து உள்ளே கூடு விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையையும் அவர்தாம் நம் பக்கம் பிரபலமாக்கினார். வெப்பமான தேசத்துக்கு அதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

புதுவீட்டில் பால் காய்ச்சின மறுவாரம் என் மகள், தென்புறச் சுவரையொட்டி ரோஜாப் பாத்தி போடுகிறேன் என்று இரண்டு வண்டி மண் வரவழைத்து, முழங்கால் உயரம் குவித்துவிட்டாள். நான் மண்வெட்டியை எடுத்ததைப் பார்த்து, "ஏன்ப்பா, கஷ்டப்பட்டுப் போட்டதைக் கலைக்கிறீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். கொஞ்சம் மண்ணை விலக்கி, அடியில் புதைந்துபோயிருந்த துவாரத்தைக் காட்டினேன். தண்ணீர் வெளியேற வழியற்றுப்போவது கெடுதலில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, மண்ணிலிருந்து அந்தத் துவாரத்தின் வழியாக நேரே மரச்சட்டத்துக்குக் கறையானுக்கு ஒரு மறைவான ராஜபாட்டை போட்டுக்கொடுப்பது. கறையான் வெளிச்சத்தைக் கடக்கப் பயப்படும் ஜந்து. தளத்தின் விளிம்பு 75 மில்லிமீட்டராவது வெளியே தெரிந்தால், அதன் மண்கூடு நம் கண்ணில் பட்டுவிடும். அந்த நாடுகளில் வீடு வாங்கப் போகும் நம்மவர்கள் சமையலறையின் பளிங்கு மேடையைத் தடவிப் பார்ப்பதற்கு முன், வெளியே போய் ஒரு தடவை குனிந்து, ஐந்து கல்லுக்கு ஒரு துவாரம் இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா, மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரோஜாப் பாத்தியை அன்று மாலையே சுவரைவிட்டு ஒரு கஜம் தள்ளிப் போட்டோம்.